எந்தப் பெயரில் தேடுவது? இணையவழி நூலகச் சேவையும் பஞ்சமி நிலத்தின் தாள்களும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமப் பகுதியில், தேடுபவருக்குத் தகவல் கிடைப்பது எளிது. தேடும் பொருள் ரமணராக இருக்கும்வரை. ஆசிரமம் வெளியிட்ட நூல்களில் பல அதன் இணையதளத்திலேயே விலையின்றிக் கிடைக்கின்றன. 1964இல் தொடங்கிய 'மவுண்டன் பாத்' இதழின் பழைய தொகுதிகளை பெர்லினில் இருப்பவர்கூடத் தன் அறையிலிருந்தபடி படிக்கலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நிறுவனம் தன் வரலாற்றுத் தாள்களைச் சேர்த்து, பெயரிட்டு, வரிசைப்படுத்தி வைத்தால், கேட்பவர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் விடை கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

அதே சாலையில் பேருந்தேறிக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். ஊரின் ஏரியை அடுத்த நிலம் ஒரு காலத்தில் தம் மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் என்று அவருடைய தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார். இப்போது அந்த நிலம் வேறொருவர் பெயரில் உள்ளது. அதற்கான தாள் எங்கே என்பதே அவர் கேள்வி. கைபேசியில் 'பஞ்சமி நிலம் திருவண்ணாமலை' என்று தட்டுகிறார். கட்சி அறிக்கைகள் வருகின்றன, மேடைப் பேச்சுகளின் காணொளிகள் வருகின்றன, போராட்டச் செய்திகள் வருகின்றன. தாள் வரவில்லை.

அது வராததற்கு இணையத்தில் பதிவேறவில்லை என்பது ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், அது இருக்குமிடத்தின் பெயர் வேறு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையை அடுத்து, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-ஏ எண் ஆணைகள் பிறந்தன. வழங்கப்பட்ட நிலத்தை முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவும் இயக்கத்தவர் அறிந்ததுதான். அந்நிலங்களை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிரிழந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆனால் 1892இல் திருவண்ணாமலை எந்த மாவட்டத்தில் இருந்தது என்று கேட்டால் நம்மில் பலர் வட ஆற்காடு என்றே சொல்வோம். அன்று அது தென் ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த வட்டம். 1906இல் வெளியான தென் ஆற்காடு கெசட்டியரில் திருவண்ணாமலை இருக்கிறது. பிறகுதான் வட ஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. 1989இல் அந்த மாவட்டமும் இரண்டாகப் பிரிந்து, வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றும் ஆனது. ஆக, ஒரே ஊரின் நிலத்துக்கு மூன்று மாவட்டப் பெயர்களில் தாள்கள் உள்ளன. 'திருவண்ணாமலை மாவட்டம்' என்று தேடுபவருக்கு 1989க்கு முந்தைய நூறாண்டு கண்ணில் படாது.

மக்களின் பெயருக்கும் இதே கதைதான். 1890களின் அரசுத் தாள்களில் நாம் 'பறையர்', 'பஞ்சமர்'. சென்னை மாகாண அரசு 1922இல் 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. அதே காலத்தில் 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' என்ற சொல்லும் புழங்கியது. கிராமங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்லும் 'டி.சி. நிலம்' அதன் ஆங்கிலச் சுருக்கமே. பிறகு 'அரிசனர்' வந்தது, 'பட்டியல் சாதியினர்' வந்தது. 'தலித்' என்று தேடினால் இவற்றில் ஒன்றும் அகப்படாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலேகூட நெடுங்காலம் 'தீண்டத்தகாதவர்' என்றே வைத்திருந்து பின்னரே 'தலித்துகள்' என்று மாற்றிக்கொண்டது. உலகின் எத்தனையோ நூலகங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நூல்களுக்குத் தலைப்பிடுகின்றன. போதாக்குறைக்கு, 1920களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான நில ஒதுக்கீட்டைக் கவனித்தவர் தொழிலாளர் ஆணையர். நிலம் பற்றிய தாளைத் தொழிலாளர் துறைக் கட்டுகளில் தேட வேண்டும் என்று முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு எப்படித் தோன்றும்?

இதைச் சொல்லித் தருவதற்காகவே நூலகத்தில் ஒரு பணி இருக்கிறது. குறிப்புதவிச் சேவை என்று பாடநூல்கள் எழுதும், வழக்கில் 'ரெஃபரன்ஸ்'. நூலை எடுத்துக் கொடுப்பது வேறு, வாசகரின் கேள்வியை வாங்கிக்கொண்டு அதற்கான வழியைக் கண்டு தருவது வேறு. அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன் 1876இலேயே இதை வலியுறுத்திக் கட்டுரை எழுதினார். தமிழ்நாட்டில் இதற்குக் கோட்பாட்டு வலிமை தந்தவர் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் சேர வேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அடங்கும். அவ்விரண்டையும் நடைமுறையில் நிறைவேற்றுவது குறிப்புதவிதான். அவர் பிறந்ததும் பஞ்சமி நில ஆணை பிறந்ததும் ஒரே ஆண்டில். நூலகவியலில் நாம் உலகுக்கே விதி வகுத்துத் தந்தோம். அந்த ஆணைக்குரிய மக்களின் பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் மேசையை மட்டும் ஊர்தோறும் போடவில்லை.

அந்த மேசை இணையத்துக்கு இடம்பெயர்ந்ததே இணையவழிக் குறிப்புதவி. 1984இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் சுகாதார அறிவியல் நூலகம் மின்னஞ்சல் வழியாகக் கேள்விகளை வாங்கத் தொடங்கியது. 1995இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து இணையப் பொது நூலகம் என்ற முயற்சி எழுந்தது. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பும் 'கொஸ்டின்பாயின்ட்' சேவையைத் தொடங்கின. ஒரு நூலகத்தில் இரவாகி விளக்கணைந்தால், கூட்டமைப்பின் வேறொரு நூலகத்தில் விழித்திருப்பவர் கேள்வியை எடுத்துக்கொள்வார். இன்று பல நாடுகளில் நூலக இணையப் பக்கத்தின் ஓரத்தில் 'நூலகரைக் கேளுங்கள்' என்றொரு சிறு அரட்டைப் பெட்டி இருக்கும். நம் கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தை வாசகர்கள் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அப்படி ஒரு பெட்டி உள்ளதா, உள்ளதெனில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன? நூலகர்கள் பயிற்சியில் முதலில் கற்பது, கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் உண்மையான கேள்வி அல்ல என்பதை. மேற்சொன்ன மாணவி உரையாடலுக்கு வந்தால் அது ஏறத்தாழ இப்படிப் போகும்:

"வணக்கம் மேடம். பஞ்சமி நிலம் பத்தி புக் வேணும்."

"வணக்கம், இருக்குங்க. காலேஜ் கட்டுரைக்குத் தேடுறீங்களா, இல்ல ஒரு குறிப்பிட்ட நிலத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணுமா?"

"எங்க ஊர் நிலம்தான் மேடம்."

"எந்த வட்டம்னு மட்டும் சொல்லுங்க. சர்வே நம்பர் இருக்கா?"

"திருவண்ணாமலை வட்டம். நம்பர் தெரியாது. தாத்தா டி.சி. நிலம்னு சொல்வாரு."

"அந்தச் சொல்லே நல்ல துப்புங்க. இப்ப ஆன்லைன்ல வர்ற 'அ' பதிவேடு புதுசு. அதுல இல்லைன்னா நிலமே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கு முந்தின பதிவேட்டைப் பார்க்கணும். எங்க, எப்படிக் கேக்கணும்னு எழுதி அனுப்புறேன்."

புத்தகத்தில் தொடங்கிய கேள்வி ஆறாவது வரியில் பதிவேட்டுக்கு வந்துவிட்டது. இனி அவர் எழுதி அனுப்ப வேண்டியவை: 1980களில் நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கும் முறை. பழைய புல எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தென் ஆற்காடு என்ற பெயரின்கீழ் வருவாய் வாரியத் தாள்களைப் பார்க்கும்படி ஒரு குறிப்பு. தகவல் உரிமை மனு என்னும் கதவு 2005 முதல் திறந்திருந்தாலும், எந்தத் தாளை எந்தப் பெயரில் கேட்பது என்று தெரியாதவருக்கு 'அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்ற ஒற்றை வரிதான் விடை.

நூலகர் வழக்கறிஞர் அல்லர். எல்லையும் இங்கேதான் வருகிறது. 2023 ஜனவரி 30 அன்று இதே மாவட்டத்தின் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் ஊரின் அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அத்தகைய ஊரிலிருந்து ஒருவர் 'நாங்கள் உள்ளே போனால் தப்பா?' என்று கேட்டால், போங்கள் அல்லது போகாதீர்கள் என்று நூலகர் சொல்லமாட்டார். 1947ஆம் ஆண்டின் சென்னைக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டத்தையும், அரசமைப்பின் 17ஆம் பிரிவையும், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 3ஆம் பிரிவையும், பொதுவான வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகச் சேர்த்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் எடுத்து அனுப்புவார். 'தப்பா' என்று கேட்டவர், தடுப்பதுதான் குற்றம் என்று தாமே படித்துக்கொள்வார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறும் வழியையும் சேர்த்து அனுப்புபவர் நல்ல நூலகர்.

இவை அனைத்தையும் நேரில் சென்று கேட்கலாமே, அரட்டைப் பெட்டி எதற்கு என்ற வினா எழும். பேருந்துக் கட்டணமும் வேலை நாள் கூலியும் முதல் விடை. ஆனால் அதைவிட ஆழமான விடை ஒன்று உண்டு. நம் நாட்டில் மேசைக்கு முன் நிற்பவருக்கு முகம் இருக்கிறது, உறுப்பினர் படிவத்தில் முகவரி இருக்கிறது. தமிழ்நாட்டு முகவரி சாதியைச் சொல்லிவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சான்று. ஊர்ப்புற நூலகம் பெரும்பாலும் ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கே போய், ஊர்த்தெருக்காரர் அனுபவிக்கும் நிலத்தைப் பற்றிய தாளை, ஊர்த்தெருவின் முன்னிலையில் கேட்பது ஒரு மாணவிக்கு எளிதா? மாலைக்குள் அந்தக் கேள்வி நிலத்தை வைத்திருப்பவரின் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முகமும் தெருவும் தெரியாமல் கேட்க முடிவது வசதி மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். மேற்கண்ட உரையாடலில் நூலகர் வட்டத்தின் பெயரை மட்டுமே கேட்டார், ஊரின் பெயரைக் கேட்கவில்லை. அது தற்செயலாக இருக்கக் கூடாது, விதியாக இருக்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு எளிதில் கெட்டுப்போகக் கூடியதும்கூட. பெயர், கைபேசி எண், ஆதார் எண் கொடுத்தால்தான் பெட்டி திறக்கும் என்றால் முகவரி பின்வாசல் வழியாக வந்துவிட்டது. மேசையில் பேசியது காற்றோடு போகும். அரட்டையில் எழுதியது கணினியில் தங்கும். யார் எந்த நிலத்தைப் பற்றி, எந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார் என்ற பட்டியல் யார் கையில் கிடைத்தாலும் ஆபத்து. 2005இல் கனெக்டிகட் மாநில நூலகர்கள் நால்வர், நூலகக் கணினிப் பயன்பாட்டு விவரத்தைக் கேட்ட அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் கடிதத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். கடிதம் வந்ததை வெளியே சொல்லவும் அவர்களுக்குத் தடை இருந்தது. மறு ஆண்டு அத்தடை விலகியது, கோரிக்கையும் கைவிடப்பட்டது. அப்படி எதிர்த்து நிற்க நம் மாவட்ட நூலகருக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை. அதுவரை பாதுகாப்பான வழி, பதில் அனுப்பியதும் கேட்டவரின் அடையாளத்தை அழித்துவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்துக்கொள்வது. அடையாளம் நீங்கிய கேள்விகளின் தொகுப்பு நமக்கு மிகவும் பயன்படும்: ஓராண்டில் எத்தனை பேர் பழைய பதிவேட்டைக் கேட்டார்கள், எத்தனை பேர் கல்வி உதவித்தொகை ஆணையைக் கேட்டார்கள் என்பது ஒரு மாவட்டத்தின் நிலையை அதிகாரப்பூர்வ அறிக்கைகளைவிடத் தெளிவாகக் காட்டும்.

திரைக்குப் பின்னால் இருப்பவரின் முகமும் நமக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டியதில்லை. பஞ்சமி என்ற சொல்லைக் கண்டதும் ஒரு வரியில் முடித்துக்கொள்பவரும் அங்கே இருக்கலாம். பதில்களை மாதிரிக்கு எடுத்துச் சரிபார்க்கும் ஏற்பாடும், அந்தப் பணியிடங்களில் இடஒதுக்கீடு முறையாக நிரப்பப்படுவதும் இதற்கு வெளியே உள்ள வேறு பிரச்சினைகள் அல்ல.

இதற்கெல்லாம் ஆள் எதற்கு, செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் உள்ளனவே என்று சொல்லப்படுகிறது. அவை தமிழில் சரளமாகவே பதில் தருகின்றன. சிக்கலே அந்தச் சரளம்தான். இல்லாத அரசாணைக்கு எண்ணும் தேதியும் கொடுத்து அழகாக எழுதிவிடும். நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி உருவாக்கிய, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை மேற்கோள் காட்டி 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் பெற்றார்கள். அவர்களுக்கு அபராதத்தோடு போயிற்று. பொய்யான ஆணை எண்ணோடு வட்டாட்சியர் முன் நிற்கும் மக்களுக்கோ, அதுவரை சொன்ன உண்மைகள் அனைத்தும் சேர்ந்தே தள்ளுபடியாகும். பொறி தேடித் தரட்டும், மொழிபெயர்த்துத் தரட்டும். தாளைக் கண்ணால் பார்த்து, அது இருக்குமிடத்தைச் சொல்லிப் பொறுப்பேற்பவர் ஒரு மனிதராக இருந்தாக வேண்டும்.

பணம் இல்லை என்ற பதிலை ஏற்கத் தேவையில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில்தான் இயற்றப்பட்டது. அதன்கீழ்ச் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாக இன்றும் வசூலாகிறது. வசூலித்ததை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பழைய புகார். 2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றில் பல பூட்டிக் கிடப்பதை ஊர் ஊராகப் பார்க்கலாம். அந்த அனுபவத்திலிருந்து ஒன்று தெரிகிறது: கட்டடத்துக்கும் மென்பொருளுக்கும் ஒதுக்கப்படும் பணம் எளிதில் வரும், ஆளுக்கு ஒதுக்க வேண்டிய பணம்தான் வராது. ஊர்ப்புற நூலகர்களும் பகுதிநேர நூலகப் பணியாளர்களும் சொற்ப ஊதியத்தில் இருக்கும் நிலையில், அவர்கள் தலையில் அரட்டைப் பெட்டியையும் ஏற்றிவிடுவது மோசடி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், கன்னிமாரா, மாவட்ட மைய நூலகங்கள் ஆகியவை முறை வைத்துக் கேள்விகளை எடுத்துக்கொண்டால் மாநிலம் முழுமைக்கும் ஒரே சேவை சாத்தியம். ஊர்ப்புற நூலகத்தில் இருக்க வேண்டியது ஒரு கணினி, ஒரு வருடி, திறந்திருக்கும் கதவு.

அரசு செய்யும்வரை காத்திருக்காதவர்களும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்ட மண்ணைச் சேர்ந்தவர்கள், 2005இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தன்னார்வலர்களாகவே தொடங்கினார்கள். இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடுபவர் முதலில் போவது அங்கேதான். இங்கும் அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் எழுத்துகள் 1999இல் தொகுதிகளாக வெளிவரும்வரை, அவற்றைப் பாதுகாத்தவை அரசு அலமாரிகளைவிட அன்பர்களின் வீட்டுப் பெட்டிகளே.

திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி மாணவர்களும் மாவட்டத்தின் இயக்கத் தோழர்களும் சேர்ந்து தொடங்கக்கூடியது சிறியதுதான்: மனு எழுதித் தரும்போது மக்கள் கேட்ட கேள்விகளை, பெயரும் ஊரும் இல்லாமல், ஒரு நோட்டில் குறித்துவருவது, எந்தத் தாள் எந்த அலுவலகத்தில், எந்தப் பழைய பெயரின்கீழ்க் கிடைத்தது என்பதை எதிரே எழுதுவது. நூறு கேள்விகள் சேர்ந்ததும் அதன் நகலோடு மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் போகலாம். கோரிக்கைகள் மூன்று இருந்தால் போதும். தமிழில் எழுத்தாகவும் தொலைபேசிக் குரலாகவும் கேட்க வழி வேண்டும். கேட்பவரின் அடையாளத்தைப் பதியக் கூடாது. சேவை நேரம் அலுவலக நேரமாக இல்லாமல், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு, மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையாவது இருக்க வேண்டும்.